கிணற்றுக்கு ஒரு நோட்டு: நீர்மட்டம், ஊற்று, தண்ணீர்ச் சோதனை

2005 சித்திரையில் எங்கள் தோட்டத்தில் 620 அடிக்கு போர் போட்டோம். கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, எருத்தேம்பதிப் பக்கம் எங்கள் தோட்டம். கேரளம் என்றாலே மழை கொட்டும் என்று நினைப்பவர்கள் எங்கள் ஊருக்கு வந்ததில்லை. பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாசலில் இருக்கிறோம். ஆடியில் மேற்கே வெள்ளம் போகும்போது எங்களுக்குக் காற்றுதான் அதிகம் வரும். ஆழியாற்றுத் தண்ணீர் மூலத்தறை வழியாகச் சித்தூர் வயல்களுக்குப் போகிறது. நாங்கள் வாய்க்கால் எட்டாத மேட்டில், கிணற்றையே நம்பி இருப்பவர்கள்.

போர்த் தண்ணீர் அத்தனை நன்றாக இருந்தது. பருப்பு சீக்கிரம் வெந்தது, சோப்பு நுரைத்தது. மாமனார் காலத்துச் சதுரக் கிணற்றுத் தண்ணீரோ உப்புக் கரிக்கும். மோட்டார் இறக்க வந்தவர், தண்ணீரில் கரைந்த மொத்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை முக்கிப் பார்த்துவிட்டு, "480 தானுங்க, கண்ணை மூடிட்டுக் குடிக்கலாம்" என்றார். குடித்தோம். என் மகனுக்கு அப்போது இரண்டு வயது.

2011-ல் அவனுக்குப் புதுப்பற்கள் முளைத்தபோது முன்பற்களில் சுண்ணாம்பு தடவியதுபோல வெள்ளைத் திட்டுகள் இருந்தன. பிறகு அவை பழுப்புக் கோடுகளாயின. பொள்ளாச்சியில் பல் மருத்துவர் வாயைத் திறந்து பார்த்ததும் முதலில் கேட்டது, "வீட்ல போர்த் தண்ணிங்களா?" இரண்டு தண்ணீரையும் சோதனைக்குக் கொடுத்தோம். பல்லில் இப்படிக் கறை போடுவது ஃபுளோரைடு; குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. போரில் அது 2.4. கரிக்கிறது என்று நாங்கள் ஒதுக்கிய கிணற்றில் 0.9. அவன் இன்றைக்கும் சிரிக்கும்போது கையை வாய்க்கு முன்னால் கொண்டுபோகிறான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

அன்றிலிருந்து கிணற்றுக்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். எப்படி அளக்கிறேன், எதைச் சோதிக்கக் கொடுக்கிறேன் என்பதை இங்கே எழுதுகிறேன். பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

நீர்மட்டம்

முதலில் கிணற்று மதில்மேல் ஓர் இடத்தில் பெயின்ட்டால் கோடு போடுங்கள். எப்போதும் அந்தக் கோட்டிலிருந்துதான் அளக்க வேண்டும். மதில் தரையிலிருந்து எத்தனை அடி உயரம் என்பதையும் நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். அளவில் அதைக் கழித்தால்தான் தரையிலிருந்து ஆழம் கிடைக்கும்.

கயிற்றால் அளக்காதீர்கள். நனைந்தால் கயிற்றின் நீளம் மாறும். கொத்தனார் வைத்திருக்கும் 30 மீட்டர் இரும்பு டேப் போதும். நுனியில் ஒரு பழைய போல்ட்டைக் கட்டி, கடைசி மூன்று அடிக்குச் சாக்பீஸ் பூசி, முழு எண் ஒன்று கோட்டில் நிற்கும்படி இறக்குங்கள். 40 அடி வரை இறக்கி, மேலே எடுத்துப் பார்க்கும்போது 2 அடி 4 அங்குலம் நனைந்திருந்தால், நீர்மட்டம் 37 அடி 8 அங்குலம். சாக்பீஸ் நனைந்த இடம் கறுத்துத் தெளிவாகத் தெரியும். இரண்டு முறை அளந்து, இரண்டும் அரை அங்குலத்துக்குள் ஒத்துவந்தால் எழுதிக்கொள்ளுங்கள்.

போருக்கு இது சரிப்படாது. டெலிவரி பைப்பும் கேபிளும் தொங்கும் சந்தில் டேப் மாட்டிக்கொண்டால் மோட்டாரையே தூக்க வேண்டிவரும். நான் செய்தது இது: அடுத்த தடவை மோட்டாரை மேலே எடுத்தபோது, டெலிவரி பைப்போடு சேர்த்து அரை அங்குலக் குழாய் ஒன்றை மோட்டாருக்குச் சற்று மேல்வரை கட்டி இறக்கச் சொன்னேன். அடிமுனை திறந்திருக்க வேண்டும். இனி எப்போது வேண்டுமானாலும் அந்தக் குழாய்க்குள் ஒயரை விடலாம்.

ஒயர் என்றால் சாதாரண இரட்டை ஒயர்தான். ஐந்து அடிக்கு ஒரு இடத்தில் கலர் டேப் சுற்றி, நுனியில் குழாய்க்குள் நுழையும் அளவுக்கு ஒல்லியான கனம் ஒன்றைக் கட்டி, இரண்டு செம்பு முனைகளையும் ஒன்றையொன்று தொடாமல் சீவி விடுங்கள். மேல்முனையில் மல்டிமீட்டர். இங்கே பலரும் தவறு செய்கிறார்கள்: மீட்டரை 'பீப்' சத்தம் வரும் இடத்தில் வைத்துவிட்டு, சத்தமே வரவில்லை, போர் வற்றிவிட்டது என்று பயந்துபோகிறார்கள். தண்ணீரின் மின்தடை ஆயிரக்கணக்கான ஓம். அதற்கு பீப் அடிக்காது. 200 கிலோ ஓம் அளவில் வையுங்கள். காற்றில் வெறும் '1' காட்டும் மீட்டர், முனை தண்ணீரைத் தொட்டவுடன் ஓர் எண்ணுக்குத் தாவும். அந்த இடத்தில் ஒயரைப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் இதையெல்லாம் செய்ய வேண்டும்.

மாதம் ஒருமுறை, விடியற்காலையில், நம் மோட்டாரும் பக்கத்துத் தோட்டத்து மோட்டாரும் இரவெல்லாம் ஓடாமல் இருந்த நாளாகப் பார்த்து அளப்பது நல்லது. மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளை வருடத்தில் நான்கு முறை, கோடையிலும் ஆகஸ்டிலும் நவம்பரிலும் ஜனவரியிலும் அளக்கிறது. மாதாமாதம் முடியாதவர்கள் அந்த நான்கையாவது விடாதீர்கள்.

மழை அளவையும் அதே பக்கத்தில் குறியுங்கள். நேரான பக்கமுள்ள ஒரு பாத்திரத்தை வெட்டவெளியில் வைத்து ஸ்கேலால் அளந்தால் போதும். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். எங்கள் பூமிக்கடியில் இருப்பது பாறை. அதன் மேல் மக்கிய ஓட்டு மண். நூறு பங்கு மக்கிய பாறையில் வடித்து எடுக்கக்கூடிய தண்ணீர் இரண்டு மூன்று பங்குதான். 100 மி.மீ. மழை பெய்து அதில் பத்தில் ஒரு பங்கு உள்ளே இறங்குகிறது என்று வையுங்கள்: 10 மி.மீ. தண்ணீர். அது இரண்டு சதவீத இடத்தில் நிரம்ப வேண்டும், ஆகவே நீர்மட்டம் 500 மி.மீ., ஒன்றரை அடிக்கு மேல் ஏறும். ஐப்பசி மழைக்குக் கிணறு விறுவிறுவென்று ஏறுவதும், தை பிறந்ததும் அதே வேகத்தில் இறங்குவதும் இதனால்தான். ஏற்றத்தைப் பார்த்துவிட்டு வாழை போட்டுவிடாதீர்கள். நான் ஒரு வருடம் போட்டு, மாசியில் வெட்டி மாட்டுக்குப் போட்டேன்.

ஊற்று எவ்வளவு?

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். புதுசாகப் போர் போடலாமா என்ற கேள்விக்கு இதில்தான் பதில் இருக்கிறது. நாங்கள் 2005-ல் இதைச் செய்திருந்தால் அந்த 620 அடியைத் தோண்டியிருக்கவே மாட்டோம்.

எங்கள் கிணறு 20-க்கு 20 அடி. ஓர் அடி தண்ணீர் என்பது 400 கன அடி, ஏறத்தாழ 11,300 லிட்டர். ஓர் அங்குலம் 940 லிட்டர். உங்கள் கிணறு வட்டமாக இருந்தால் விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, 0.785-ஆல் பெருக்குங்கள், பரப்பு சதுர அடியில் வரும். ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர்.

அடுத்தது மோட்டார் எவ்வளவு இறைக்கிறது என்பது. மோட்டார்மேல் ஒட்டியிருக்கும் தகட்டை நம்பாதீர்கள். 200 லிட்டர் டிரம்மைக் குழாயடியில் வைத்து, நிரம்பும் நேரத்தை மொபைலில் பாருங்கள். எங்களுக்கு 40 விநாடி. அப்படியென்றால் மணிக்கு 18,000 லிட்டர்.

வைகாசியில் ஒருநாள், மட்டம் நிலையாக நின்றபோது அளந்துவிட்டு, 6 அடி இறங்கும்வரை இறைத்தேன். ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. மோட்டாரை நிறுத்திவிட்டு மணிக்கொரு முறை அளந்தேன். முதல் மணியில் 8 அங்குலம் ஏறியது. அடுத்ததில் 7, பிறகு 6¼, அப்புறம் 5½. ஆறு மணி நேரத்தில் 3 அடி. அதற்கடுத்த ஆறு மணி நேரத்தில் ஒன்றரை அடிதான்.

ஏன் குறைந்துகொண்டே வருகிறது? ஹென்றி டார்சி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் டிஜோன் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்தவர். மணல் நிரப்பிய குழாயில் தண்ணீர் விட்டுப் பார்த்து 1856-ல் அவர் எழுதியது இதுதான்: மண்ணுக்குள் தண்ணீர் ஓடும் வேகம், இரண்டு பக்கத்து மட்டங்களின் வித்தியாசத்தைப் பொறுத்தது. கிணறு காலியாக இருக்கும்போது வெளியே நிற்கும் தண்ணீருக்கும் உள்ளே நிற்பதற்கும் 6 அடி வித்தியாசம், வேகமாக ஊறும். 3 அடி ஏறியபின் வித்தியாசம் பாதி, வேகமும் பாதி.

பக்கத்துத் தோட்டத்து மாமா இதைக் கேட்டுவிட்டு, "கெணறு நெறையட்டும் அம்மிணி, அதுக்கப்புறம் எடுத்துக்கலாம்" என்றார். "இல்லீங் மாமா, கடைசி ஒண்ணரை அடிக்காகக் காத்திருந்தா அதுக்குள்ள ஊத்து தூங்கிப்போகுதுங்" என்று நோட்டைக் காட்டினேன். கணக்கு இப்படி: நாளுக்கு ஒருமுறை இறைத்தால், அடுத்த நாள் அதே நேரத்துக்குக் கிணறு ஏறியிருப்பது ஐந்தே முக்கால் அடிக்குள், 64,000 லிட்டர் சுமார். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, அதே அடிமட்டம் வரை இரண்டு தடவையாக இறைத்தால் நான்கரையும் நான்கரையும் ஒன்பது அடி, ஒரு லட்சம் லிட்டருக்கு மேல். மோட்டார் ஓடும் நேரத்து ஊற்றைச் சேர்க்காத மேலோட்டக் கணக்குதான் இது, ஆனாலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

அதற்காக எப்போதும் அப்படி உறிஞ்சிக்கொண்டே இருக்கச் சொல்லவில்லை. சித்தூர் பிளாக், மழை திருப்பிக் கொடுப்பதைவிட அதிகமாக இறைக்கும் வட்டாரம் என்று அரசுக் கணக்கெடுப்பில் பலமுறை பட்டியலில் ஏறிய இடம். என் நோட்டு எனக்குச் சொன்னது வேறு: 280 தென்னைக்கு சொட்டுநீரில் மரத்துக்கு 60 லிட்டர் விட்டால் நாளைக்கு 16,800 லிட்டர் போதும். கோடையிலும் கிணறு ஊறுவது அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். வட்டப் பாத்தியில் வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சியதால்தான் பற்றவில்லை. போருக்குக் கொடுத்த பணத்தில் சொட்டுநீர்க் குழாய் போட்டிருக்கலாம்.

இந்தச் சோதனையைக் கோடையில் செய்யுங்கள். மழைக்காலத்தில் எந்தக் கிணறும் நல்ல பெயர் வாங்கிவிடும். அன்றைக்குப் பக்கத்தில் யாரும் இறைக்கக் கூடாது. முந்தின நாளே போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். எந்தக் காரணத்துக்கும் கிணற்றுக்குள் இறங்க வேண்டாம், எல்லாம் மேலே நின்றே செய்யக்கூடியவை.

தண்ணீர் எடுத்துக்கொண்டு போவது

சோதனைக்கூடத்து முடிவு, நாம் பாட்டிலில் பிடித்துக் கொடுக்கும் விதத்தைப் பொறுத்தது. போர் என்றால் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, பைப்பில் தங்கிய பழைய தண்ணீர் போனபின் பிடியுங்கள். மேல்தொட்டித் தண்ணீர் கூடாது. புது ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். ஃபுளோரைடுக்குக் கண்ணாடி பாட்டில் வேண்டாம்.

கிருமிச் சோதனைக்கு அந்தப் பாட்டில் ஆகாது. கூடத்திலிருந்தே கிருமி நீக்கிய பாட்டில் வாங்கி வர வேண்டும். அதை அலசக் கூடாது, மூடியின் உள்பக்கத்தைத் தொடக் கூடாது, மேலே கொஞ்சம் இடம் விட வேண்டும். ஐஸ் போட்ட டப்பாவில் வைத்து அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். கேரள நீர் ஆணையத்துக்கு மாவட்டத்தில் சோதனைக்கூடம் இருக்கிறது. சில மேல்நிலைப் பள்ளிகளின் வேதியியல் கூடத்திலும் ஆரம்பச் சோதனை செய்கிறார்கள். ஃபுளோரைடு பார்ப்பார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

எதையெல்லாம் கேட்க வேண்டும்? 'குடிநீர்ச் சோதனை' என்று பொதுவாகச் சொன்னால் ஃபுளோரைடு விட்டுப்போகலாம். பெயர் சொல்லிக் கேளுங்கள்: பிஎச் (அமில-காரத் தன்மை), டிடிஎஸ், கடினத்தன்மை, குளோரைடு, நைட்ரேட், ஃபுளோரைடு, இரும்பு, கோலிஃபார்ம் என்ற கிருமி. இந்திய தர நிர்ணயத்தின் ஐஎஸ் 10500 அளவுகளில் நான் நோட்டின் அட்டையில் எழுதி வைத்திருப்பவை (எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராமில்): டிடிஎஸ் 500, வேறு தண்ணீர் இல்லையென்றால் 2,000 வரை. கடினத்தன்மை 200, வேறு வழியில்லாவிட்டால் 600. ஃபுளோரைடு 1, அதிகபட்சம் 1.5. நைட்ரேட் 45, அதற்குமேல் சலுகையே இல்லை.

எங்கள் கிணற்றுக்கு வந்த எண்கள்: டிடிஎஸ் 1,150, கடினத்தன்மை 520, ஃபுளோரைடு 0.9, நைட்ரேட் 30. போருக்கு: டிடிஎஸ் 480, கடினத்தன்மை 90, பிஎச் 8.3, ஃபுளோரைடு 2.4. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாக்கு கொடுத்த மார்க்குக்கு நேர் எதிராக இருக்கிறது.

இது தற்செயல் இல்லை. ஃபுளோரைடு பாறையிலிருந்து கரைந்து வருகிறது, கறுப்பு மைக்கா கலந்த பாறைகளில் அது இருக்கும். தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால், ஃபுளோரைடு அதோடு சேர்ந்து படிந்துவிடும், அளவு ஏறாது. ஆழத்தில் வெகுகாலம் பாறையோடு கிடந்த தண்ணீரில் கால்சியம் குறைந்து சோடியம் கூடிவிடும், காரத்தன்மையும் ஏறும். அப்போது ஃபுளோரைடு தாராளமாகக் கரையும். கால்சியம் குறைந்த தண்ணீர் என்றால் பருப்பு வேகும், சோப்பு நுரைக்கும். நாங்கள் மெச்சிக்கொண்ட குணம் எல்லாம் அந்த அடையாளம்தான்.

டிடிஎஸ் மீட்டரைக் குறை சொல்லவில்லை, நானும் ஒன்று வைத்திருக்கிறேன். தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்து, மொத்த உப்பைச் சுமாராகக் கணக்குப் போட்டுக் காட்டும் கருவி அது. 480-க்குள் ஒளிந்திருக்கும் இரண்டரையை அதனால் பிரித்துச் சொல்ல முடியாது. கிருமியையும் காட்டாது. மாதாமாதம் எண் திடீரென்று மாறுகிறதா என்று பார்க்க உதவும், அவ்வளவுதான்.

ஃபுளோரைடு கூடுதல் என்று வந்தால் கொதிக்க வைக்காதீர்கள். தண்ணீர் ஆவியாகிப் போகும், ஃபுளோரைடு பாத்திரத்திலேயே நின்று இன்னும் கெட்டியாகும். நைட்ரேட்டும் அப்படியே. மெழுகுவத்தி ஃபில்டரும் பிடிக்காது. ஆர்.ஓ. பிடிக்கும், ஆக்டிவேட்டட் அலுமினா வடிகட்டி பிடிக்கும், ஆனால் குறித்த காலத்தில் அதைப் புதுப்பிக்காவிட்டால் சும்மா ஓடிக்கொண்டிருக்கும். நாக்பூரின் நீரி நிறுவனம் உருவாக்கிய நல்கொண்டா முறையில் படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துத் தெளியவைக்கிறார்கள். அதன் அளவு ஒவ்வொரு தண்ணீரின் காரத்தன்மைக்கும் மாறும், வீட்டில் கைப்பிடிக் கணக்கில் போடக் கூடாது; மிச்ச அலுமினியம் தண்ணீரில் தங்கிவிடும். எங்கள் வீட்டில் எளிதான வழியை எடுத்தோம்: போரைத் தென்னைக்கு விட்டோம், குடிக்கவும் சமைக்கவும் பழைய கிணறு, ஓட்டுக்கூரையில் பிடிக்கும் மழைநீரும் கூட. எட்டு வயதுக்குள் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைத் தள்ளிப்போடாதீர்கள். பல் ஈறுக்குள் உருவாகும் காலம் அது, வெளியே வந்தபின் கோட்டை அழிக்க முடியாது.

திறந்த கிணற்றைக் குடிக்கப் பயன்படுத்துகிறவர்களுக்குக் கிருமிதான் கவலை. முதல் மழை முடிந்த வாரத்தில், ஹெச்2எஸ் பாட்டில் என்று விற்பதை வாங்கி, கோடுவரை தண்ணீர் ஊற்றி, வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். ஓரிரு நாளில் கறுத்தால் மலக்கிருமி கலந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு கிணற்றுக்குக் குளோரின் போடுங்கள். ஆயிரம் லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் இரண்டரை கிராம். கிணற்றில் 10 அடி தண்ணீர் நின்றால் எங்களுக்கு 1,13,000 லிட்டர், ஆகவே 280 கிராம். வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் மேல்தெளிவை மட்டும் கிணற்றில் விட்டுக் கலக்கி, மறுநாள் காலை வரை தொடாதீர்கள். மாட்டுக்கொட்டகை கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்தால் அதைத் தள்ளிவைக்காமல் பவுடர் மட்டும் போட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை. நைட்ரேட் ஏறுவதும் அங்கிருந்துதான், உரம் போட்ட வயலிலிருந்தும்.

இரசாயனச் சோதனை வருடத்தில் இரண்டு: வைகாசியில் ஒன்று, மழை நின்றபின் தையில் ஒன்று. பாட்டில்மேல் தேதி, நேரம், எந்தக் கிணறு, அன்றைய நீர்மட்டம், கடைசியாக மழை பெய்த நாள் ஐந்தையும் அழியாத பேனாவால் எழுதுங்கள். கூடத்திலிருந்து வரும் தாளை அதே மாதத்துப் பக்கத்தில் ஒட்டுங்கள். போன தையில் ஒழலப்பதியிலிருந்து ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வந்து, "அக்கா, எங்க போர்த் தண்ணியையும் உங்களதோட சேத்து குடுத்துர்றீங்களா" என்று கேட்டாள். இரண்டு பாட்டிலாகப் போனது, இந்த வைகாசியில் ஏழு பாட்டில் போகிறது.